முன் அனுமதியின்றி வெளிநாடு

ஜனவரி 6

இனி நோட்டும் பேனாவும் கிடையாது. மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கையில் ஒரு மிஷினைக் கொடுத்துவிட்டார்கள். செல்போனுக்குச் சித்தப்பா மாதிரி இருக்கிறது, கனம் மட்டும் அரைச் செங்கல். மணல்முனைக் கரைக்கு வரும் படகுகளில் என்ன மீன், எத்தனை கிலோ என்பதை இனி இதில்தான் தட்ட வேண்டும். முகத்தைக் காட்டினால் வருகைப்பதிவும் இதிலேயே ஆகிவிடும். தட்டியது தட்டிய நொடியில் சென்னையில் தெரியுமாம்.

மாவட்ட அதிகாரி தணிகாசலம் சார், "கைக்குழந்தை மாதிரி பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தானே அய்யா உங்களிடம் மனு கொடுத்திருக்கிறேன் என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மனு அவர் மேசையில்தான் கிடக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் சிந்துஜாவுக்கு மாசிக் கடைசியில் தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் இருப்பதால் விமானம் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வர முடியாது என்றால் நான் போக வேண்டும். அவளுக்கு மாமியாரும் கிடையாது. அரசு ஊழியர் வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும், விடுப்பும் வேண்டும். விடுப்பைப் பற்றிக் கவலையில்லை. என் வீட்டுக்காரர் இறந்து, கருணை அடிப்படையில் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஈட்டிய விடுப்பைக் காய்ச்சலுக்குக்கூட எடுக்காமல் எறும்பு மாதிரி சேர்த்து வைத்திருக்கிறேன். அனுமதி ஒன்றுதான் பாக்கி.

ஜனவரி 8

மிஷினில் இண்டர்நெட் இல்லை.

ஜனவரி 9

இன்றும் இல்லை. சிக்னல் கோடுகள் என்னவோ முழுசாக நிற்கின்றன. ஆனால் ஒரு சூடை மீன்கூடச் சென்னைக்குப் போக மாட்டேன் என்கிறது. சற்று நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

இது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நம் கோபுரம் ஊருக்குள், ஐஸ் ஃபேக்டரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அக்கரைக் கோபுரம் தண்ணீருக்கு மேல் தடங்கல் இல்லாமல் நேரே வந்து அடிக்கிறது. கரையில் நிற்கும் போன் எது பலமாகக் கூப்பிடுகிறதோ அதன் பின்னால் போய்விடும். சொந்த போன் என்றால் அமைப்புகளுக்குள் புகுந்து, தானாகத் தேடுவதை நிறுத்தி, நம் ஊர் நெட்வொர்க்கைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம். மிஷினில் அந்தப் பக்கம் பூட்டு. கடவுச்சொல் கேட்கிறது.

ஏலம் போடும் ஞானப்பூ அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காலங்காத்தால பாஸ்போர்ட்டு இல்லாம போயிட்டு வந்துட்டீக போலயே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 10

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பிரணவ் என்று ஒரு பையன், தேன் தடவிய குரல்.

"மேடம், ஃப்ளைட் மோடு போட்டு எடுங்க."

போட்டு எடுத்தேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினேன்.

"சிம்மைக் கழட்டி, துடைச்சிப் போடுங்க."

முந்தானையில் துடைத்துப் போட்டேன். இலங்கை மறுபடியும் அன்புடன் வரவேற்றது.

"மேடம், நீங்க இருக்கற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்களேன்."

"தள்ளிப் போனா வருதுப்பா. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி சூப்பரா வருது. ஆனா அங்க படகு வராதே."

எதையோ கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, புகாரைப் பதிவு செய்திருப்பதாகவும் இன்றைய நாள் எனக்கு இனிமையாக அமைய வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டான்.

ஜனவரி 14

பொங்கல். சிந்து வீடியோவில் வயிற்றைக் காட்டினாள். கால் வீங்கியிருக்கிறது. நான் கவலைப்படவில்லை. கால் வீங்காத பிள்ளைத்தாய்ச்சி உண்டா என்ன?

ஜனவரி 17

வெற்றி! பிரணவ் வாழ்க. மிஷினுக்குள் 'சேமித்துப் பின்னர் அனுப்பு' என்று ஒரு வசதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னான். கரையில் நின்று தட்டினால் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்புறம் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் போய் நின்றால் எல்லாம் மொத்தமாகச் சென்னைக்குப் பறந்துவிடும். சேர்ந்து கிடந்த காரல், சூடை, நண்டு, கணவாய் எல்லாம் ஒரே மூச்சில் போயின. என் வருகைப்பதிவுகளும் போயின. வீட்டுக்கு வந்து சேமியா பாயசம் வைத்து நானே குடித்தேன்.

ஜனவரி 30

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மெமோ வந்திருக்கிறது.

மேற்படி பணியாளர் பணி நாட்களில் முன் அனுமதி பெறாமல் பலமுறை வெளிநாடு சென்று வந்துள்ளதாகக் கருவியின் பதிவுகளிலிருந்து தெரியவருகிறது. அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தேவை.

முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். இரண்டாம் முறையும் சிரித்தேன். மூன்றாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கீழே தணிகாசலம் சார் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிப்ரவரி 3

விளக்கக் கடிதத்தோடு நேரில் போனேன். சார் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெயர், தேதி, நேரம், அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி. அதில் உள்நாடு அல்லது வெளிநாடு, இரண்டில் ஒன்றுதான் விழும். மிஷின் எந்த நெட்வொர்க்கைப் பிடித்திருந்தது என்பதை வைத்து அது தானே நிரப்பிக்கொள்ளுமாம். எனக்கு நேராக வரிசையாய் வெளிநாடு, வெளிநாடு, வெளிநாடு.

"சார், நான் கரையிலதான் நின்னேன். ஊரே பாத்துச்சு."

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா சிஸ்டம் வேற சொல்லுதே."

"சரியா எங்க நின்னேன்னு மிஷின் காட்டாதா?"

"அந்த வசதி அடுத்த கட்டத்துல வருது."

"அப்ப என் சிங்கப்பூர் மனு?"

டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "விசாரணை நிலுவையில இருக்கறவங்களுக்குத் தடையின்மைச் சான்று தர ரூல்ஸ்ல இடமில்லையேம்மா. அதுவும் வெளிநாடு போன விசாரணை."

வெளிநாடு போகாத என்னை, வெளிநாடு போனதாகச் சொல்லி, வெளிநாடு போக விடமாட்டேன் என்கிறார்கள். பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஊர் வரும்வரை அழுதேன்.

பிப்ரவரி 7

பிரணவிடம் கடவுச்சொல் கேட்டேன். நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துவிட்டால் இனி ஒரு நாளாவது உள்நாட்டில் இருக்கலாமே என்றுதான். அது அலுவலகத்தில் இருக்கும் என்றான். அலுவலகத்தில் கேட்டேன். அது மிஷின் கொடுத்தவர்களிடம் இருக்கும் என்றார்கள். மிஷின் கொடுத்தவர்களின் எண்ணை வாங்கிப் போட்டேன்.

"வணக்கம் மேடம், நான் பிரணவ் பேசுறேன்."

பிப்ரவரி 12

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்துப் பிரசவ மருந்து கிளறினேன். ஞானப்பூ அக்கா பால்சுறாக் கருவாடு கொடுத்தார். "பெத்த புள்ளைக்குப் புட்டு வச்சுக் குடுங்க. பாலு பீச்சும்" என்றார். அனுமதியே வரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். ஜிப் சரியாக மூடுகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும்தான்.

பிப்ரவரி 18

இன்று நேரடி விசாரணை. தணிகாசலம் சாரே ஜீப்பில் வந்து இறங்கினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கண்ணால் காண்பதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

கரைக்கு அழைத்துப் போனேன். மிஷினை நீட்டினேன். வரவேற்புச் செய்தி சொல்லி வைத்தாற்போல் வந்தது. சார் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அட, ஆமாம்மா! நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார். ஞானப்பூ அக்காவும் பெண்களும் சுற்றி நின்று, "நாங்க அத்தன பேரும் சாட்சி சொல்றோம் சார். இந்தம்மா இந்த மண்ண விட்டு எங்கயும் போகல" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது சாரின் இடுப்பில் ஏதோ சிணுங்கியது.

அதிகாரிகளுக்கும் அதே மிஷின்தான் கொடுத்திருக்கிறார்களாம், உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வகை. அவர்களுடையது மணிக்கு ஒருமுறை தானாகவே பதிவு செய்துகொள்ளுமாம். எடுத்துப் பார்த்தார். அவருக்கும் அன்பான வரவேற்பு.

அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பு மணலில் புதைந்து ஒன்று கழன்றே போனது. மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்து ஓடினார். அக்கா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நானும் போனேன்.

மூச்சு வாங்க நின்று, "அம்மா, நான் கரைக்கு வந்தது யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "எனக்கு ஏப்ரல்ல பதவி உயர்வு இருக்கு."

பிப்ரவரி 20

விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. மணல்முனை ஐஸ் ஃபேக்டரியின் பின்புறம் நேரில் ஆய்வு செய்யப்பட்டதாம். இணைப்பு மிகச் சிறப்பாக உள்ளதாம். கருவியில் பழுது ஏதுமில்லையாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தேங்காய் துருவ உட்கார்ந்தவள் ஓட்டோடு சேர்த்துத் துருவிவிட்டேன்.

பிப்ரவரி 22

சார் போன் செய்தார். குரலில் அந்தச் செருப்பின் நினைவு இருந்தது.

"அம்மா, ஒரு வழி இருக்கு. நீங்க போனதா ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடுங்க. பின்னேற்பு ஆணை போட்டுடறேன். போனதுக்கு இப்ப அனுமதி குடுத்தமாதிரி ஆயிடும். விசாரணை முடிஞ்சிடும். அதே கையோட சிங்கப்பூருக்கும் சான்று போட்டுடலாம்."

"போகாத ஊருக்குப் போனேன்னு எழுதணுமா சார்?"

"போனேன்னு எழுதினாத்தாம்மா போக முடியும்."

பிப்ரவரி 24

எழுதிக் கொடுத்தேன். சொந்தப் பணியின் நிமித்தம் வெளிநாடு சென்று வந்தேன் என்று. என்ன சொந்தப் பணி என்று குமாஸ்தா கேட்டார். காற்று வாங்க என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் முறை. அவமானமாக இருந்தது. சிந்துவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பியதும் அவமானம் போய்விட்டது.

பிப்ரவரி 28

ஆணை வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டையும் ஒரே ஆள் பார்க்கிறார்.

வெளிநாடு சென்றது பின்னேற்பு செய்யப்பட்டது. சிங்கப்பூர் செல்லத் தடையில்லை. இதுவரைக்கும் நல்லது. அடுத்த பத்தி: வெளிநாட்டில் இருந்த நாட்களில் பணியில் இருந்திருக்க இயலாது என்பதால் அந்நாட்கள் விடுப்பாகக் கருதப்படுகின்றன. ஒழுங்கீனம் என்பதால் ஒரு நாளுக்கு இரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பில் கழிக்கப்படும். கழித்தது போக இருப்பில் விடுப்பு ஏதும் இல்லை. விடுப்பு இல்லாததால், தடையின்மைச் சான்று பெற்ற பணியாளர் பணியில் இருந்துகொண்டே பயணம் மேற்கொள்ளலாம்.

பணியில் இருந்துகொண்டே! இதைத் தட்டியவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டினாரா, சாப்பிடாமல் தட்டினாரா?

இன்னொரு வரியும் உண்டு. அந்த நாட்களில் நான் பதிந்த மீன்கள் வெளிநாட்டில் பிடிபட்டவை என்பதால் மாவட்டக் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. ஞானப்பூ அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நா வித்தது பூராம் ஃபாரின் மீனா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெலய ஏத்தியிருப்பேனே" என்றார்.

மார்ச் 2

சிந்து கேட்டாள்: "அம்மா, டிக்கெட் போட்டாச்சா?" போட்டாச்சு என்றேன். இது இரண்டாவது பொய்.

மார்ச் 3

பெட்டியிலிருந்து கருவாட்டை எடுத்து வெயிலில் காய வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். எழுத வேறொன்றும் இல்லை. என் பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறாள்.

மார்ச் 5

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். தணிகாசலம் சாருக்கும் மெமோ வந்துவிட்டதாம். செருப்புப் போன அன்று ஓடுவதற்கு முன்பே மிஷின் பதிவு செய்துவிட்டதாம். முன் அனுமதியின்றி வெளிநாடு.

ஊழியருக்கு வந்தால் விசாரணை, அதிகாரிக்கு வந்தால் சுற்றறிக்கை. சென்னையில் யாரையோ பிடித்து, ஓரிரு நாளில் வாங்கிவிட்டார். இன்று எல்லோருக்கும் வந்திருக்கிறது. மணல்முனை நிலையத்துக்குரிய கருவிகளிலோ, அங்கே ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகளின் கருவிகளிலோ வெளிநாடு எனப் பதிவானால், சம்பந்தப்பட்டவர் மணல்முனைக் கரையில் பணியில் இருப்பதாகவே கருத வேண்டும். விளக்கம் கோரக் கூடாது. அதிகாரிகள் தவிர மற்றவர்களுக்கு இந்த உத்தரவு முன்தேதியிட்டுப் பொருந்தாது.

பொருந்தாது என்றால் என் விடுப்பு திரும்பி வராது. அது போனது போனதுதான்.

மார்ச் 6

சுற்றறிக்கையை மறுபடியும் படித்தேன். மத்தியானம் சோறு வைக்க மறந்து மறுபடியும் படித்தேன். பிறகு சாருக்குப் போன் செய்தேன்.

"சார், ஒரு சந்தேகம். இனிமே எனக்கு வெளிநாடுன்னு விழுந்தா, நான் வேலையில இருக்கேன்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்மா. இனி நிம்மதியா இருங்க."

"எந்த வெளிநாடுன்னு கேப்பாங்களா?"

"பத்தியில அதெல்லாம் கிடையாதும்மா. வெளிநாடு, அவ்வளவுதான்."

"அப்ப உள்நாடுன்னு விழுந்தாத்தான் பிரச்சினை?"

"அட, ஆமா. அப்ப நீங்க கரையில இல்லைன்னு ஆயிடும். பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சாயங்காலம் டிக்கெட் போட்டேன். சிந்துவிடம் சொன்ன பொய் இப்போது பொய் இல்லை.

மார்ச் 9

விமான நிலையத்தில் மிஷினைச் சோதித்த பெண், "இது என்னதுங்க?" என்றாள். ஆபீஸ் சாமான், வேலை விஷயமாகப் போகிறேன் என்றேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லாததைப் பார்த்துவிட்டு அடுத்த கவுண்டரில் இருந்தவர், "முதல் தடவையா?" என்றார். பாஸ்போர்ட்டின்படி ஆமாம். கையில் இருந்த ஆணைப்படி இல்லை. தலையை எப்படியோ ஆட்டி வைத்தேன்.

மார்ச் 13

பெண் குழந்தை. விடியற்காலையில். சிந்து பிழைத்தாள். நடுவில் ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர்கள் ஓடி, மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என் கையைப் பிடித்திருந்த இடத்தில் நகம் பதிந்திருக்கிறது. இதை மணல்முனையில் நின்றுகொண்டு போனில் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். இன்று வேறெதுவும் எழுத முடியவில்லை.

மார்ச் 14

நேற்று வருகைப்பதிவு போட்டதைக் குறிக்க மறந்துவிட்டேன். போட்டேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று முகத்தைக் காட்டினேன், எடுத்துக்கொண்டது. இங்கே கோபுரமும் வெளிநாடு, நாடும் வெளிநாடு. மிஷின் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொல்லியிருக்கிறது.

மார்ச் 24

அன்றாட ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் ஏலம் முடிந்ததும் ஞானப்பூ அக்கா குரல்பதிவு அனுப்புகிறார்: "இன்னைக்குக் கணவாய் நல்லா பட்டிருக்கும்மா, நண்டு கம்மி. புள்ள பாலு குடிக்குதா? புட்டு வச்சீகளா?" மகளுக்குச் சுறாப்புட்டு கிண்டிவிட்டு, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அக்கா சொன்ன எடையை அப்படியே தட்டுகிறேன். மாப்பிள்ளை வீட்டு வைஃபையில் தட்டிய நொடியில் போய்விடுகிறது. நான் எதையும் மறைக்கவில்லை. சான்று இருக்கிறது, சுற்றறிக்கை இருக்கிறது. பணியில் இருந்துகொண்டே பயணம் செய்யச் சொன்னதும் அவர்கள்தான். என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட நாட்களைத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று தணிகாசலம் சார் வாட்ஸப்பில் கூப்பிட்டார். எடுத்தேன்.

"அம்மா, சென்னையில இருந்து உங்களைப் பாராட்டி எழுதியிருக்காங்க. இந்த மாசம் மாவட்டத்துலயே ஒரு பதிவுகூட விட்டுப்போகாம, ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாம அனுப்பினது மணல்முனை ஒண்ணுதானாம்!"

"எல்லாம் நீங்க போட்ட சுற்றறிக்கைதான் சார்."

"அது சரி, என்னமோ குழந்தை அழுற சத்தம் கேக்குதே?"

"பக்கத்துலதான் சார், புதுசா பொறந்த புள்ள. ரெண்டு வாரம்கூட ஆகல."

"நல்லது, நல்லது. சிக்னல் இவ்வளவு தெளிவா இருக்கே, எந்த இடத்துலம்மா நிக்கறீங்க? மத்த நிலையத்துக்காரங்களுக்கும் வந்து சொல்லிக் குடுங்களேன்."

"வந்துடறேன் சார். ஆனா நல்லா எடுக்கற இடமா பாத்து இப்பத்தான் உக்காந்திருக்கேன். உடனே நகர்ந்தா மறுபடி போயிடுமோன்னு பயமா இருக்கு."

சார் பதறிவிட்டார். "ஐயையோ, நகராதீங்கம்மா! அங்கயே இருங்க!" என்றார்.

வாய்மொழி உத்தரவுதான். ஆனாலும் அதிகாரியின் உத்தரவு. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன்.